பொதுக் கிணறு, ஆளுக்கொரு மோட்டார்

"பாகம் பிரிச்சுக்கிட்டாங்களாம்" என்று யாராவது போகிற போக்கில் சொன்னால் எனக்கு இன்றைக்கும் சுள்ளென்று ஏறும். நிலத்தைப் பிரிக்கட்டும். வீட்டுக்கு நடுவில் கோடு போட்டுப் பிரிக்கட்டும். அம்மாவின் சங்கிலியை வெட்டிக்கூடப் பிரித்துக்கொள்ளட்டும், அது அவரவர் பாடு. ஆனால் நான் ஒன்றாக ஓட வைத்துவிட்டு வந்த இரண்டு சர்வர்களை ஆளுக்கு ஒன்றாகப் பிரித்தார்களே, அதை நினைத்தால் வயிறு எரிகிறது. வெறும் சர்வர் போயிருந்தால்கூட ஆறியிருப்பேன். போனது ஒரு பெண்ணுடைய அப்பாவின் குரல்.

என் தொழில் இதுதான். திண்டுக்கல்லிலும் சுற்று வட்டாரத்திலும் இருக்கிற மில்கள், பள்ளிக்கூடங்கள், கடைகளுக்கு நெட்வொர்க் போட்டுக் கொடுப்பேன். சர்வர் நிறுவுவேன். அது படுத்துவிட்டால் போய் எழுப்புவேன். ஸ்கூட்டி சீட்டுக்கு அடியில் மழைக்கோட்டு இருக்கிறதோ இல்லையோ, கேபிள் சுருள் இருக்கும். "பொம்பளப் புள்ளையா சர்வர் போட வந்துருக்கு?" என்று கேட்டவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லியே என் வாய் கூராகிவிட்டது. எங்கள் மாதா கோவிலில் பங்குத்தந்தை முதற்கொண்டு எனக்கு மூக்கு மேல் கோபம் என்றுதான் சொல்வார்கள். இருக்கட்டும். அந்தக் கோபம் இல்லாவிட்டால் இந்த ஊரில் நான் இந்த வேலையைச் செய்திருக்கவே முடியாது.

அந்த ஸ்டுடியோ ஒரு அண்ணன் தம்பியுடையது. கல்யாணம், காதுகுத்து, சடங்கு, சர்ச் கல்யாணம், புதுமனை புகுவிழா எதுவானாலும் இந்தப் பக்கத்தில் பாதிப் பேர் அவர்களைத்தான் கூப்பிடுவார்கள். ஊரே அவர்களைப் பெரியவர், சின்னவர் என்றுதான் சொல்லும். பெரியவர் கேமரா பிடிப்பதில் கெட்டிக்காரர். சின்னவர் எடிட்டிங்கில் கில்லாடி. மாடியில் வரிசையாக உட்கார்ந்து பையன்களும் பெண்களுமாக எடிட் செய்வார்கள். ஒரு கல்யாணத்தின் வீடியோ ஒருவனுடைய கம்ப்யூட்டரில் இருக்கும், அதன் போட்டோ இன்னொருத்தியிடம் இருக்கும், அவள் லீவு போட்டிருப்பாள். "ஏலே, அந்தத் தாடிக்கொம்புக் கல்யாணம் யார்கிட்டலே இருக்கு?" என்ற கூச்சல்தான் காலையிலிருந்து கேட்கும். அங்கே இருந்த ஒரே ஒரு பழைய சர்வரும் முகூர்த்த சீசன் நடுவில் நின்றுபோனபோது என்னைக் கூப்பிட்டார்கள்.

நான் இரண்டு சர்வர் போட்டேன். நடுவில் ஒரு டிஸ்க் பெட்டி. வீடியோக்கள் எல்லாம் இருப்பது அந்தப் பெட்டிக்குள்தான். இரண்டு சர்வரிலிருந்தும் பெட்டிக்குக் கேபிள் போகும். ஆனால் ஒரு நேரத்தில் ஒரு சர்வர்தான் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு எல்லோருக்கும் ஃபைலை எடுத்துக் கொடுக்கும், வாங்கி வைக்கும். மற்றது காத்திருக்கும். இரண்டுக்கும் நடுவே தனியாக ஒரு கேபிள் உண்டு. அதன் வழியாக "இருக்கியா?", "இருக்கேன்" என்று இரண்டும் ஓயாமல் கேட்டுக்கொண்டே இருக்கும். பதில் வராவிட்டால், எந்த சர்வர் முந்திக்கொள்கிறதோ அது முதலில் மற்றதற்குப் போகிற கரண்டைத் துண்டிக்கும். அதற்குப் பிறகுதான் பெட்டியில் கை வைக்கும்.

எதற்குக் கரண்டைத் துண்டிக்க வேண்டும் என்று சின்னவர் அன்றைக்கே கேட்டார். பதில் வரவில்லை என்பதால் அது செத்துவிட்டது என்று ஆகிவிடாது, கேபிள் மட்டும் கழன்றிருக்கலாம் என்று சொன்னேன். அது உயிரோடு இருந்து எழுதிக்கொண்டிருக்கும்போது இதுவும் உள்ளே புகுந்து எழுதினால், அது எழுதியதன் மேல் இது எழுதும், இது எழுதியதன் மேல் அது எழுதும். கடைசியில் யாருக்கும் எதுவும் மிஞ்சாது. "அதனாலதான் தம்பி, சந்தேகம் வந்தா ஒண்ண அணைச்சுட்டுத்தான் இன்னொண்ணு எந்திரிக்கணும்" என்றேன். நன்றாகத் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை நான் நம்பினேன்.

இது போக, தினமும் ராத்திரி எல்லாவற்றையும் ஒரு பிரதி எடுத்து வைக்கத் தனியாக ஒரு பேக்கப் பெட்டியும் வைத்தேன். எடிட் செய்கிறவர்களுக்கு இது எதுவும் தெரிய வேண்டியதில்லை. அவர்கள் திரையில் ஒரே ஒரு ஃபோல்டர். அதற்குப் பெயர் வைத்தவர் பெரியவர். "இங்கிலீஷ்ல எதுக்கும்மா, 'பொது'ன்னு வையி. எல்லாப் பயலுக்கும் புரியும்" என்றார். வைத்தேன். டிஸ்க் பெட்டியின் மேலும் அதையே எழுதி ஒட்டினேன். எல்லாம் முடிந்ததும், அத்தனை பேரும் வேலை செய்துகொண்டிருக்கும்போதே, ஓடிக்கொண்டிருந்த சர்வரின் பவர் கேபிளைக் கையால் உருவிக் காட்டினேன். திரைகள் கொஞ்ச நேரம் உறைந்து நின்றன. பிறகு ஒன்றும் நடக்காதது போல எல்லாக் கல்யாணமும் தொடர்ந்து நடந்தது. மாடி முழுக்கக் கைதட்டல். சின்னவர் எனக்கு ரோஸ்மில்க் வாங்கி வரச் சொன்னார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

நான் சர்வர்களுக்கு ஒன்று, இரண்டு என்றுதான் எண் எழுதி வைத்தேன். எடிட் செய்கிற பயல்கள் குறும்புக்கு ஒன்றின் மேல் 'பெரியவர்' என்றும் மற்றதன் மேல் 'சின்னவர்' என்றும் ஸ்டிக்கர் அடித்து ஒட்டினார்கள். அண்ணன் தம்பி இருவருமே பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஒரு சீசன் முழுக்க ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. அந்த சீசனில்தான் அகரம் என்ற ஊர்ப் பெண் ஒருத்தியின் கல்யாணம். தாடிக்கொம்பில் ஒரு மண்டபத்தில் நடந்தது. அவளுடைய அப்பா பூ விவசாயி. சம்பங்கி போட்டிருந்தார். விடிவதற்குள் பூவைப் பறித்து திண்டுக்கல் மார்க்கெட்டுக்குக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போகிறவர். கல்யாணம் முடிந்து மறுமாதமே தோட்டத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

அந்தப் பெண் ஸ்டுடியோவுக்கு வந்த நாளில் நான் ஏதோ ஒரு நெட்வொர்க் சுவிட்சை மாற்ற வந்திருந்தேன். கட்டிக்கொடுத்த ஊர் ஒட்டன்சத்திரம். பஸ் பிடித்து வந்திருந்தாள். கையில் ஸ்டுடியோ கொடுத்த பென்டிரைவ். ஆல்பம் வந்துவிட்டது, வீடியோவும் வந்துவிட்டது, ஆனால் அது அவளுக்குப் போதவில்லை.

"அண்ணே, எல்லாத்துலயும் பாட்டுப் போட்டுருக்கீங்க. அப்பா வாய் அசையுது, பாட்டுதான் கேக்குது" என்றாள் பெரியவரிடம்.

கல்யாண வீடியோ எடிட் செய்கிற எல்லா இடத்திலும் இதுதான் வழக்கம். மண்டபத்தில் மேளச் சத்தம், ஜெனரேட்டர் சத்தம், குழந்தைகள் கத்தல். அந்தச் சத்தத்தை மொத்தமாக எடுத்துக் கடாசிவிட்டு மேலே சினிமாப் பாட்டை ஏற்றிவிடுவார்கள். மாப்பிள்ளை நடந்து வந்தால் ஒரு பாட்டு, அப்பா அழுதால் ஒரு பாட்டு. அவளுடைய அப்பா சினிமாவே பார்க்காதவராம். அவருக்கும் பாட்டு.

அவர் வைத்திருந்தது பட்டன் போன். அதிலும் போன் செய்தால் "நல்லாருக்கியா? வச்சுர்றேன்" என்பதோடு சரி. எதிலும் அவர் குரல் பதிவாகவில்லை. அவளுக்கு வேண்டியது கேமரா எடுத்த மூல வீடியோ, அதில் இருக்கிற சத்தத்தோடு.

"தாரை வார்க்குறப்ப எங்கிட்டக் குனிஞ்சு என்னமோ சொன்னாருண்ணே. மேளத்துல எனக்குக் கேக்கல. என்னப்பான்னு கேட்டேன், தலைய ஆட்டிட்டு விட்டுட்டாரு. அப்புறம் கேட்டுக்கலாம்னு நானும் விட்டுட்டேன்."

அவள் அழவில்லை. முந்தானையை மட்டும் திருகிக்கொண்டே இருந்தாள். பெரியவர் நல்ல மனிதர், எனக்கு அதில் சந்தேகம் இல்லை. "எங்கயும் போவாதும்மா. எல்லாக் கேமரா ஃபைலும் எங்க பொதுவுல பத்திரமா இருக்கு. பெரிய ஹார்டிஸ்கா ஒண்ணு வாங்கிட்டு வா, சீசன் செத்த ஓயட்டும், காப்பி போட்டுத் தாரேன்" என்றார். அவள் என்னைப் பார்த்தாள். "ஒரு சர்வர் போனாக்கூட இன்னொண்ணு இருக்கு, பேக்கப் வேற இருக்கு, பயப்படாத" என்று நானும் சொன்னேன். அது உண்மை. அன்றைக்கு அது சுத்தமான உண்மை.

அதற்குப் பிறகுதான் சண்டை வந்தது. சண்டை எதனால் என்று இரண்டு பக்கமும் என்னிடம் சொன்னார்கள். இரண்டு கதையிலும் குற்றவாளி மற்றவருடைய மனைவி. நான் இரண்டையும் நம்பவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம், அந்தச் சண்டை எப்படியோ படியேறி சர்வர் அறைக்குள்ளும் வந்துவிட்டது என்பதுதான்.

முதலில் ஆயுத பூஜைக்குப் பெரியவர் என்று ஸ்டிக்கர் ஒட்டிய சர்வருக்குப் பெரிய மாலை போட்டுவிட்டார்களாம். பிறகு, "எப்பப் பாத்தாலும் பெரியவரு ஓடுறாரு, சின்னவரு சும்மா நிக்கிறாரு, ஏங்க்கா?" என்று சின்னவர் எனக்கு போன் செய்து கேட்டார். அது காத்திருப்பதுதான் அதன் வேலை என்றேன். "காத்திருந்து காத்திருந்துதானக்கா என் காலம் போச்சு" என்றார். நான் சர்வரைப் பற்றிப் பேசுகிறேன், அவர் வேறு எதையோ பேசுகிறார் என்பது அப்போதே புரிந்தது. புரிந்து என்ன செய்ய? இதை நிறுத்துகிற கமாண்டு என்னிடம் இல்லை.

ஒருநாள் சர்வர் அறையைப் பெருக்கும்போது யாரோ இடித்து, "இருக்கியா, இருக்கேன்" கேபிள் கழன்றுவிட்டது. நான் வைத்திருந்த முறைப்படியே, ஓடிக்கொண்டிருந்த பெரியவர் சர்வர் சின்னவர் சர்வரின் கரண்டைத் துண்டித்தது. ஒரு ஃபைலும் போகவில்லை. எல்லாம் சரியாக நடந்தது. ஆனால் எடிட் அறையில் ஒரு பயல் சிரித்துக்கொண்டே, "பெரியவரு சின்னவர அணைச்சுப்புட்டாரு" என்று சொல்லியிருக்கிறான். போதுமே. சின்னவர் என்னிடம் போனில் கத்தினார்.

"அவரு மிஷினு என் மிஷின அணைக்குதாக்கா? மிஷின்லயும் அப்படித்தான் எழுதி வச்சுருக்கீங்களா?"

"தம்பி, அது அவரு மிஷினும் இல்ல, இது உங்க மிஷினும் இல்ல. ரெண்டும் சேந்து ஒண்ணு. பெரியவர் விழுந்தா, சின்னவர் அத அணைச்சுட்டு எந்திரிக்கும். ரெண்டுக்கும் ஒரே சட்டம்தான்."

"இதுவரைக்கும் அப்படி ஒருநாளும் நடக்கலையேக்கா" என்று போனை வைத்துவிட்டார்.

அதற்கப்புறம் எனக்கு அவர்களிடமிருந்து போனே வரவில்லை. அமைதியாக ஓடுகிறது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அங்கே குடும்பத்துப் பெரியவர்கள் கூடி பாகப் பிரிவினை பேசிக்கொண்டிருந்தார்கள் என்பது எனக்கு எப்படித் தெரியும்? என்னிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. "குடும்ப விஷயத்துல வெளியாளு எதுக்கு" என்று விட்டார்களாம். அந்தக் குடும்பத்தின் அத்தனை பொருளும் எந்தக் கேபிளில் தொங்குகிறது என்று தெரிந்த ஒரே ஆள் அந்த வெளியாள்தான்.

ஒருநாள் காலை நான் பேகம்பூரில் ஒரு கடையில் பிரிண்டரைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தேன். பெரியவர் கூப்பிட்டார். "அம்மா, பொது தொறக்க மாட்டேங்குதும்மா." அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே சின்னவருடைய அழைப்பும் வந்தது. எடுத்தேன். "அக்கா, அவரு என்னமோ பண்ணி என் ஃபைல எல்லாம் அழிச்சுட்டாருக்கா." பிரிண்டரை அப்படியே போட்டுவிட்டுக் கிளம்பினேன்.

மாடி ஏறினால் சர்வர் அறையின் நடுவே ஒரு சுவர். புதுச் சுவர், பூச்சுகூட இன்னும் காயவில்லை. இந்தப் பக்கம் பெரியவர் சர்வர், அந்தப் பக்கம் சின்னவர் சர்வர். சுவரில் ஒரு சதுரப் பொந்து விட்டு, அந்தப் பொந்துக்குள் டிஸ்க் பெட்டியை உட்கார வைத்திருந்தார்கள். பொந்தின் இரண்டு பக்கமும் கம்பிக் கதவு, இரண்டு கதவிலும் ஒவ்வொரு பூட்டு. பெட்டியின் முன்பக்க விளக்கைப் பார்க்க வேண்டுமானால் பெரியவரிடம் சாவி வாங்க வேண்டும். பின்பக்கக் கேபிளைப் பார்க்க வேண்டுமானால் கீழே இறங்கி, தெருவைச் சுற்றி, சின்னவருடைய புது வாசல் வழியாக ஏற வேண்டும். நான் அன்றைக்கு எத்தனை தடவை ஏறி இறங்கினேன் என்று எனக்கே தெரியாது. ஒவ்வொரு தடவை ஏறும்போதும் கோபம் ஒரு படி கூடியது.

அங்கே அவர்களுடைய தாய்மாமன் உட்கார்ந்திருந்தார். ஒட்டன்சத்திரம் பக்கம் தோட்டம் வைத்திருக்கிறவர். வெள்ளை வேட்டி, மரியாதையான பேச்சு. பாகம் பிரித்தது அவர்தான். எப்படிப் பிரித்தேன் என்று எனக்கு விளக்கினார். அதில் அவருக்கு ஒரு பெருமைகூட இருந்தது.

"ஏனுங்க மேடம், இதுல ஒண்ணும் சிக்கல் இல்லீங்க. கெணத்தப் பொதுவுல விட்டாச்சுங்க. மோட்டாரு ஆளுக்கொண்ணு. எங்க தோட்டத்துல அண்ணந்தம்பி நாலு பேருக்கும் அப்படித்தானுங்க இருக்குது. ஒருத்தரு தயவு ஒருத்தருக்கு வேண்டியதில்லைங்க பாருங்க."

அந்த மனிதர் முட்டாள் இல்லை. டிஸ்க் பெட்டியின் மேல் என்ன எழுதியிருந்தது? 'பொது.' இந்தச் சீமையில் பொது என்றால் பொதுக் கிணறு. அதை எப்படிப் பிரிப்பது என்று பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும்.

"அந்தக் கேபிள் எங்க? ரெண்டு சர்வருக்கும் நடுவுல போனது?"

"அதுதானுங்க ஒண்ண ஒண்ணு அணைக்க வெக்கிறதுன்னாங்க. கழட்டிப் போட்டாச்சுங்க. தனித்தனி கரண்டு குடுத்தாச்சு."

கழற்றிப் போட்டது சின்னவருடைய மச்சினன். சிசிடிவி கேமரா மாட்டுகிற ஆள். என் பாஸ்வேர்டை எடிட் அறையில் யாரிடமோ வாங்கி, கேபிளை உருவி, கரண்டைத் துண்டிக்கிற ஏற்பாட்டை நிறுத்தி, காத்திருந்த சர்வரையும் எழுப்பி, பெட்டியைத் திற என்று வம்படியாகச் சொல்லியிருக்கிறான். வேண்டாம், வேண்டாம் என்று சர்வர் எச்சரித்திருக்கும். எனக்குத் தெரியும், அது எச்சரிக்கும். ஆமாம், ஆமாம் என்று அழுத்திக்கொண்டே போயிருக்கிறான்.

முதலில் இரண்டு பக்கமும் நன்றாக ஓடியதாம். அதுதான் இதில் இருக்கிற கொடுமை. பெரியவர் பக்கத்து ஆட்கள் அவர்களுடைய கல்யாணத்தை எழுதினார்கள். சின்னவர் பக்கத்து ஆட்கள் அவர்களுடைய காதுகுத்தை எழுதினார்கள். எந்த இடம் காலி, எந்த இடத்தில் யாருடையது இருக்கிறது என்று இரண்டு சர்வரும் தனித்தனியாக ஒரு கணக்கு வைத்துக்கொண்டு, ஒன்றின் தலைமேல் ஒன்று எழுதிக்கொண்டே போயின. மாமா கறிவிருந்து போட்டு, பாகம் சுமுகமாக முடிந்ததென்று ஊருக்கும் போய்விட்டாராம். அதற்குப் பிறகுதான் பெட்டி வாயை மூடிக்கொண்டது. மாமாவை மறுபடி வரவழைத்திருந்தார்கள்.

"பேக்கப் பெட்டி எங்க?" என்று கேட்டேன். பெரியவர்தான் மெல்லச் சொன்னார். டிரோன் கேமரா அவர் பங்குக்கு வந்ததாம், அதற்கு ஈடாகப் பேக்கப் பெட்டி தம்பி பங்குக்குப் போனதாம். "அது சும்மாதானக்கா கெடந்துச்சு" என்றார் சின்னவர். அதைச் சுத்தமாக அழித்துவிட்டு, லைவ் டெலிகாஸ்ட்டுக்கு வைத்துக்கொண்டாராம்.

அப்போது நான் கத்தியது கீழே டீக்கடை வரைக்கும் கேட்டது என்று பிற்பாடு சொன்னார்கள். கேட்டிருக்கட்டும். "கெணத்துல ரெண்டு மோட்டாரு ஓடினா தண்ணி எறங்கும், மறுநாள் ஊறும். இது எடுக்குற கெணறு மட்டுமில்லய்யா, கொட்டுற கெணறு! ரெண்டு பேரும் மாத்தி மாத்தி உள்ள கொட்டிருக்கீங்க. இனிமே என்னத்த ஊறும்?" மாமா வேட்டி நுனியைப் பார்த்துக்கொண்டே, "அது எங்களுக்கு ஆரும் சொல்லலீங்களே" என்றார். கேட்டால்தானே சொல்வார்கள்! கூப்பிட்டிருந்தால் ஸ்கூட்டியை மிதித்துக்கொண்டு வந்திருப்பேனே!

கத்திவிட்டு மூச்சு வாங்கியபோது வாசலைப் பார்த்தேன். அகரத்துப் பெண் நின்றுகொண்டிருந்தாள். கையில் புது ஹார்டிஸ்க், அட்டைப்பெட்டிகூடப் பிரிக்காமல்.

"எந்தப் பக்கம் போய்க் கேக்கணும்னு தெரியலக்கா. ரெண்டு வாசலா இருக்கு" என்றாள்.

சின்னவர் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் சுவரைப் பார்த்தார். "அது அண்ணன் எடுத்த கல்யாணம்" என்றார் சின்னவர். "எடிட் பண்ணுனது தம்பிதாம்மா" என்றார் பெரியவர். அந்தப் பெண்ணுக்கு முன்னால் நின்றுகொண்டு இதைச் சொன்னார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் இரண்டு பேரையும் அந்தப் பொந்துக்குள் வைத்துப் பூட்டிவிடலாம் போல இருந்தது. நான் அவளைக் கீழே அழைத்துக்கொண்டு போய் ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன். நடந்ததை மறைக்காமல் சொன்னேன். டீயைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள். கடைசியில், "போயிருச்சாக்கா?" என்று மட்டும் கேட்டாள். "தேடிப் பாக்குறேன்" என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்?

இரண்டு சர்வரையும் அணைத்து, டிஸ்க் பெட்டியை வீட்டுக்கு எடுத்து வந்தேன். எடுத்து வருவதற்கும் இரண்டு சாவி தேவைப்பட்டது. முதலில் டிஸ்க்குகளை அப்படியே பிரதி எடுத்துக்கொண்டு, பிரதியில் மட்டும் கை வைத்தேன். உடைந்த ஃபைல்களின் துண்டுகளைத் தேடிப் பொறுக்குகிற மென்பொருள் இருக்கிறது. அதை ஓடவிட்டுவிட்டு, வருகிற துண்டுகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க வேண்டும். மற்ற வேலைகளைத் தள்ளிப் போட்டேன். வீட்டில் சமையலும் என் கணவர் தலையில் விழுந்தது. "உனக்கு எதுக்கு இம்புட்டு?" என்று அவர் கேட்டார். அவள் கேட்டபோது பயப்படாதே என்று சொன்னது என் வாய். நான் சொன்ன உண்மையை இந்த இரண்டு பேரும் சேர்ந்து பொய்யாக்கிவிட்டார்கள். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

அண்ணன் தம்பி இருவருக்கும் மற்றப் பல கல்யாணங்கள் அரையும் குறையுமாகக் கிடைத்தன. அகரத்துக் கல்யாணம் போட்டோவாக, பாட்டுப் போட்ட வீடியோவாக எல்லோரிடமும் இருந்தது. ஆனால் மூல வீடியோ இருந்த இடத்தில்தான் சின்னவர் பக்கத்து ஆட்கள் காதுகுத்தை எழுதியிருந்தார்கள். கடைசியில் அந்தக் கல்யாணத்திலிருந்து எனக்குச் சத்தத்தோடு கிடைத்தவை இரண்டே துண்டுகள்.

கிடைத்த செய்தி எப்படியோ பரவிவிட்டது. முதலில் சின்னவர் வந்தார். என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து, "அக்கா, அந்த கிளிப்பு எந்த சர்வரு எழுதுனதுல இருந்து கெடச்சுச்சு?" என்று கேட்டார். எதற்கு என்றேன். "இல்ல, செத்துப்போன அப்பாவோட குரல மீட்டுக் குடுத்தோம்னு ஒரு ரீல்ஸ் போட்டா நல்லாப் போகும். நம்ம ஸ்டுடியோவுக்கும் பேரு கெட்டுக் கெடக்கு பாருங்க." அவர் போன பிறகு பெரியவர் போன் செய்தார். கொஞ்சம் சுற்றி வளைத்து, கொஞ்சம் கூச்சத்தோடு, அவரும் அதையேதான் கேட்டார்.

மறுநாள் இருவரையும் ஒன்றாக வரச் சொன்னேன். வந்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்தார்கள். "பொதுன்னு பேரு வச்சீங்கள்ல? நல்லாத்தான் வச்சீங்க. மோட்டாரு உங்களோடது, கெணறும் உங்களோடது. உள்ள இருந்த தண்ணி ஊர் சனத்தோடது. அந்தப் புள்ளையோட அப்பா குரல்ல உங்க ரெண்டு பேருக்கும் பங்கு கெடையாது. ரீல்ஸ்னு இனி யாராவது வாயத் தொறந்தீங்கன்னா, எப்படிப் போச்சுங்கிற கதைய நான் ரீல்ஸ் போடுவேன்." அதற்குப் பிறகு அவர்கள் ஸ்டுடியோவில் நான் கால் வைக்கவில்லை. இப்போது இரண்டு பலகை, இரண்டு ஸ்டுடியோ. இரண்டும் நன்றாக ஓடுகின்றன என்று கேள்வி. அதுவும் எனக்கு எரிச்சல்தான்.

அகரத்துப் பெண்ணை ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த பிறகு வீட்டுக்கு வரச் சொன்னேன். புருஷனோடு வந்தாள். அவன் கூடத்திலேயே உட்கார்ந்துகொண்டான். நான் அவளை உள்ளே கூட்டிப் போய் ஹெட்போனைக் கொடுத்தேன். முதல் துண்டு மணமேடை. எதிர்பார்த்துக் கலங்காதே என்று முன்னாலேயே சொல்லிவிட்டுத்தான் போட்டேன்.

மேளம் முழங்குகிறது. அவர் பட்டுச் சட்டையில் குனிகிறார். மகளின் காதருகே முகம் போகிறது, வாய் திறக்கிறது. அந்த இடத்தில் அவர் முகம் பாதியில் அறுந்து பச்சைக் கட்டங்களாக உதிர்ந்துபோகும். அடுத்தது யாருடைய வீட்டுக் குழந்தையோ காது குத்தும்போது வீல் என்று அலறுகிற சத்தம். எனக்கு அது மனப்பாடம். இருந்தாலும் அவள் தோள் துள்ளியபோது என் கை தானாகப் போய் நிறுத்தியது. தண்ணீர் கேட்டாள், குடித்தாள். அவர் குனிந்து என்ன சொன்னார் என்பது இனி யாருக்கும் தெரியப் போவதில்லை.

இரண்டாவது துண்டு பந்தி. சாப்பாட்டுக் கூடத்தில் பொரியல் வாளியோடு நிற்கிறார். பட்டுச் சட்டைக்கு மேல் துண்டு கட்டியிருக்கிறார். "வெஞ்சனம் வைக்கலயாப்பா அந்த வரிசைக்கு?" என்று யாரிடமோ சத்தம் போடுகிறார். சுத்தமாக, தெளிவாக, கரகரத்த பெரிய குரல். அவள் இரண்டு கையாலும் ஹெட்போனைக் காதோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள். கேமரா அவர் பக்கத்தில் போகிறது. அவர் திரும்பிப் பார்த்துவிட்டு, கையால் மறைத்துக்கொண்டே சொல்கிறார்.

"என்னய எதுக்குய்யா எடுக்குற? எம் புள்ள அங்க இருக்கு. போயி அவள எடு."

கேமரா சட்டென்று அவரை விட்டுத் திரும்பி மேடைப் பக்கம் போகிறது. தூரத்தில் அவள் உட்கார்ந்திருக்கிறாள். அத்தோடு துண்டு முடிந்துவிடும்.

மறுபடி போடச் சொன்னாள். போட்டேன். இன்னொரு தடவை கேட்டாள். பிறகு நானே அவள் கையில் மௌசைக் கொடுத்துவிட்டு எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டேன். நெடுநேரம் கழித்து ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

"அந்தக் கேமரா அண்ணன் திரும்பாம அப்படியே எடுத்துருக்கலாம்லக்கா" என்றாள். "எங்கப்பா சொன்னா எல்லாரும் கேட்டுருவாங்க."